சுத்தம் செய்த வகையில்

தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்து
பத்தொன்பது வருடம் யாரும் திருப்பிக் கேட்காத ரிவால்வர்.
உரிமத் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு
நெஞ்சோடு அணைத்தபடி
சிவாஜிநகர் மழையிலிருந்து கடைக்குள் ஏறினார்
ரெஜினா துரைசிங்கம். காக்ஸ் டவுன். வங்கியில் ஓய்வு பெற்றவர்.

"விக்கப் போறீங்களா?"
"இல்ல. திருப்பிக் குடுக்கப் போறேன். உருக்கிடுவாங்களாமே."
"அப்ப எதுக்கும்மா சுத்தம்?"
குடையை மடக்கிக்கொண்டே இருந்தார்,
மடங்கி முடிந்த பிறகும்.
"அழுக்கோட அனுப்ப மனசு வரல."

முனவ்வர் பாய் ஆயிரத்து எண்ணூறு என்றார்.
நான் பதினைந்து நாள் என்றேன்.

தோல் உறையிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள்.
பாதுகாப்பு என்று நினைத்துத்தான் எல்லோரும் செய்வது.
தோல் ஈரத்தைக் குடித்து
உள்ளிருப்பதைப் பச்சை பிடிக்கத் தின்னும்.
நிக்கல் பாதி போயிருந்தது.
மிச்சம், தேமல் படர்ந்த முதுகு.
உறையின் அடி பிய்ந்த வழியே ஒரு குளவி நுழைந்து
குழல் வாயை மண்ணால் அடைத்திருந்தது.
அரசாங்கக் காவலில் இருந்த துப்பாக்கிக்குள்
உரிமம் இல்லாத ஒரு குடித்தனம்.
மண்ணெண்ணெயில் ஊறவைத்து மூங்கில் குச்சியால் தட்டினேன்.
மண் உதிர்ந்தது, கூடவே காய்ந்த சிலந்திகள்,
குஞ்சுக்கென்று தாய் அடுக்கியவை.
குஞ்சு தின்ற அடையாளம் இல்லை.

திருகுகள் மூன்று நாள் எண்ணெய் குடித்தும் அசையவில்லை.
அவசரப்பட்டால் தலை சிதையும்.
திருப்புளி நுனியை அந்தப் பழைய பள்ளத்துக்கேற்ப
அரத்தில் தேய்த்து ஒல்லியாக்கினேன்.
நான்காம் நாள், மெட்ரோவுக்காகக் கீழே எங்கோ குடைகையில்
மேசை அதிர்ந்ததே, அப்போது
ஒன்று சற்றே நெகிழ்ந்தது.
பெருமை எனக்கா சுரங்கத்துக்கா, தெரியாது.

துரு எடுக்க ஒரு காலணாவின் விளிம்பு, எண்ணெயில் தோய்த்து.
பிராசோ பக்கமே போகக் கூடாது, அமோனியா.
நிக்கலுக்கு அடியில் செம்பு உண்டு.
கீறல் வழி இறங்கி அதைக் கரைத்துவிட்டால்
மினுக்கிய கையோடு
செதில் செதிலாய் உரிந்து வரும்.

"பீன்யாவுக்கு அனுப்பி புது முலாம் போட்டுடலாமே" என்றார் பாய்.
போடலாம். குழிகளை ராவி, சமன் செய்து, கண்ணாடி மாதிரி.
எழுத்துகளும் போகும்:
பர்மிங்காம், ஓர் எண், கைப்பிடிக்குக் கீழே
யாரோ ஆணியால் கீறிய எம்.டி.
விட்டுவிட்டேன்.

எம்.டி. என்றால் மோசஸ் துரைசிங்கம், தங்கவயலில் கேஷியர்.
சம்பள நாளில் பணப்பெட்டிக்கு முன்னால்
இதை இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பாராம்.
"அப்பா ஒரு தடவகூட சுட்டதில்ல."
முதல் நாளே, யாரும் கேட்காமலே சொன்னார் மகள்.
மறுபடி போனிலும் சொன்னார்.

உருளையைக் கழற்றி விளக்கில் பிடித்தேன்.
ஆறு அறை.
ஐந்தில் பித்தளைத் தூரிகை இரண்டு முறை போய்வந்ததும்
வெள்ளி வட்டம்.
ஒன்றில் கருப்பு.
பழைய தோட்டாக்களின் மருந்தில் உப்பு இருக்கும்.
சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும்.
இல்லையென்றால் இரும்புக்குள் இறங்கிக் குழி பறிக்கும்.
நாள் முழுக்கத் தேய்த்தேன். கரி போனது.
குழி குழிதான்.

யாரோ ஒரே ஒருமுறை சுட்டிருக்கிறார்.
கழுவக் கை வராமல்
உறைக்குள் திணித்திருக்கிறார்.

பதினாறாம் நாள் வந்தார். மழை இல்லை, குடை இருந்தது.
துணியைப் பிரித்து, நடுவில் முறித்துத் திறந்து காட்டினேன்.
தழும்போடு மின்னியது.
"நல்லா பண்ணிருக்கீங்க."
உருளையைத் தானே சுற்றி
ஒவ்வோர் அறையிலும் சுண்டுவிரல் நுனியை விட்டுப் பார்த்தார்.
நான்காவதில் விரல் நின்றது.

"இது போகலியா?"
"இது போகாதும்மா."
"அம்மாதான் உறைக்குள்ள வெச்சாங்க" என்றார்,
என்னிடம் இல்லை, விரலிடம்.

வெளியே ஓர் ஆட்டோக்காரர் யாரையோ கன்னடத்தில் திட்டி முடித்தார்.

"பில் குடுங்க."

ரசீதில் வேலை விவரத்துக்கான கட்டம் விரல் அகலம்தான்.
'பழைய ரிவால்வர் ஒன்று, சுத்தம் செய்த வகையில்' என்று எழுதி
முந்நூறு குறைத்தேன். ஆறில் ஒரு பங்கு.
வங்கியில் இருந்தவர், பார்த்ததும் கணக்குப் புரிந்திருக்கும்.
ஆயிரத்து எண்ணூறையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார்.